உளித்தடம் பதிந்த மரப்பெட்டி: முதன்முறையாகச் செய்பவர்களுக்கு

நான்கு பக்கங்களிலும் உளியின் தடம் தெரியும்படி செதுக்கிய சிறு பெட்டி, மரவேலையில் புதிதாக இறங்குபவருக்கு மிகவும் ஏற்ற வேலை. பூவேலைக்கும் கொடிவேலைக்கும் வரையத் தெரிந்திருக்க வேண்டும். பரப்பு முழுவதும் சிறு குழிகளைச் செதுக்குவதற்கு அது வேண்டியதில்லை. கூரான உளியும் அவசரப்படாத கையும் போதும். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது ஒவ்வொரு குழியும் தனியாக மின்னும். இயந்திரத்தில் இழைத்து வந்த பலகைக்கு அந்த மினுக்கம் கிடையாது.

இது புதிய எண்ணமும் அல்ல. வாய்ச்சியின் (மரத்தைக் கொத்திச் செதுக்கும், மண்வெட்டிபோன்ற கருவி) தடத்தை மரத்தில் வேண்டுமென்றே அழகாக நிறுத்திவைக்கும் முறையை ஜப்பானியத் தச்சர்கள் 'நகுரி' என்கிறார்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் வேலைசெய்த ராபர்ட் தாம்சன் (1876–1955) தம் மேசைப் பலகைகளை வாய்ச்சி எழுப்பிய மெல்லிய அலையோடேயே விட்டார். அதே வேலையைத்தான் இங்கே உளியால் சிறிய அளவில் செய்யப்போகிறோம்.

தொடங்கும் முன்பே மனத்தில் ஒன்றைப் பதித்துக்கொள்ளுங்கள்: செதுக்கிய பரப்பில் உப்புத்தாள் படக்கூடாது. கூரான விளிம்பு அறுத்துச் சென்ற மரத்துக்கு இயல்பான பளபளப்பு உண்டு. குழிக்கும் குழிக்கும் நடுவே நிற்கும் வரப்பு கூர்மையாக இருப்பதால்தான் நிழலும் ஒளியும் பிரிகின்றன. உப்புத்தாளை ஒருமுறை தேய்த்தாலே பளபளப்பு மங்கும், வரப்பு மழுங்கும். பிறகு அது தேய்ந்துபோன பலகையாகத் தெரியுமே ஒழிய, செதுக்கிய பலகையாகத் தெரியாது. கீழே சொல்லும் வேலை வரிசை பெரும்பாலும் இந்த ஒரு விதியிலிருந்தே வருகிறது.

மரமும் அளவும்

நார் நெருக்கமாகவும் சீராகவும் உள்ள, நடுத்தர மென்மையான மரம் வேண்டும். குமிழ் மரம் நன்றாக வரும். லைம் (லிண்டன் மரம், எலுமிச்சை அல்ல), பாஸ்வுட் வகைகள் உளிக்கு மிக எளிதில் வழிவிடும். ரேகை அழகு மட்டும் குறைவு. வால்நட்டிலும் செர்ரியிலும் அழகு கூடும், கைக்கு வேலையும் கொஞ்சம் கூடும். பைன் மரத்தைத் தவிர்ப்பது நல்லது. அதில் மென்மையான அடுக்கும் கடினமான அடுக்கும் மாறிமாறி வருவதால், மென்மையான இடம் அறுபடாமல் நசுங்கும். தேக்கு அழகான மரம்தான். ஆனால் அதிலுள்ள மணற்சத்து உளி விளிம்பைச் சீக்கிரம் மழுக்கும், அதன் எண்ணெய்ப்பசை ஒட்டுவதையும் கெடுக்கும். முதல் பெட்டிக்கு அது வேண்டாம்.

எந்த மரமானாலும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. வாங்கிவந்த பலகையை ஓரிரு வாரம் வேலை செய்யும் அறையிலேயே காற்றோட்டமாக அடுக்கிவைத்துவிட்டு, அதன் பிறகு அறுங்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு தருகிறேன். வெளிநீளம் 200 மி.மீ., அகலம் 120 மி.மீ., உயரம் 80 மி.மீ. பக்கப் பலகையின் தடிமன் 14 மி.மீ. கடைகளில் கிடைக்கும் 10 மி.மீ. பலகை ஏன் போதாது என்றால், அடிப்பலகைக்காக உட்புறம் 4 மி.மீ. ஆழத்தில் காடி (பலகை செருகும் நீண்ட பள்ளம்) எடுக்கிறோம். வெளிப்புறம் 2 மி.மீ., சில இடங்களில் இரண்டரை மி.மீ. செதுக்குகிறோம். 14 மி.மீ. பலகையில் இரண்டும் போக ஏழரை மி.மீ. மிஞ்சும், அது உறுதியான கனம். 10 மி.மீ. பலகையில் மூன்றரைதான் மிஞ்சும்; காடியின் நேர் பின்னால் உளி இறங்கும்போது பிளக்கும். செதுக்கும் பெட்டிக்கு எப்போதும் இந்தக் கழித்தலை முதலில் போட்டுப் பாருங்கள்.

நான்கு பக்கங்களையும் ஒரே பலகையிலிருந்து, நீளம், அகலம், நீளம், அகலம் என்ற வரிசையில் அறுக்க வேண்டும். அறுப்புச் சேதாரத்தோடு 700 மி.மீ. நீளம் போதும். இப்படிச் செய்தால் ரேகை பெட்டியைச் சுற்றித் தொடர்ந்து ஓடும். கடைசி மூலை ஒன்றில் மட்டும் அது பொருந்தாது. அந்த மூலையைப் பின்புறம் வைத்துக்கொள்ளலாம். அறுத்த உடனே உட்புறத்தில் 1, 2, 3, 4 என்று எண்ணிடுங்கள்.

உளிகள்

வாய் வளைந்த உளி இரண்டு இருந்தால் இந்தப் பெட்டி முழுவதையும் முடித்துவிடலாம். இத்தகைய உளிகளுக்கு இரண்டு எண்கள் உண்டு. ஒன்று வாயின் அகலம், மி.மீட்டரில். மற்றது வளைவின் எண். ஷெஃபீல்டு பட்டியலில் 3 என்றால் ஏறக்குறைய தட்டை, 9 என்றால் அரைவட்டம்; சுவிஸ் உளிகளில் எண்கள் சற்று மாறும். 7ஆம் எண் 14 மி.மீ. ஒன்றும், அதே வளைவில் 8 மி.மீ. ஒன்றும் வாங்குங்கள். பன்னிரண்டு உளிகள் அடங்கிய மலிவான பெட்டி ஒன்றை வாங்குவதைவிட, நல்ல எஃகில் செய்த இரண்டு உளிகளே மேல்.

மற்றவை எந்தத் தச்சு மேசையிலும் இருப்பவை: நுண்பல் ரம்பம், இழைப்புளி, மூலைமட்டம், கிளாம்ப்புகள், காடி எடுக்க ரூட்டர் (சுழலும் வெட்டுமுனை கொண்ட கருவி) அல்லது காடி இழைப்புளி, வெள்ளை மரப்பசை, மாஸ்கிங் டேப். சிறிய கொட்டாப்புளி (மரச்சுத்தியல்) இருந்தால் கடினமான மரத்துக்கு உதவும். மென்மையான மரத்தில் கையால் தள்ளினாலே போதும்.

தீட்டுவதுதான் பாதி வேலை

புதிய உளி கடையிலிருந்து கூராக வருவது அரிது. வந்தாலும் அந்தக் கூர் அரைநாள்கூடத் தாங்காது. தீட்டக் கற்றுக்கொள்ளாமல் செதுக்கக் கற்றுக்கொள்ள முயல்பவர்கள் மரத்தைக் குறைசொல்லிக்கொண்டே இருப்பார்கள். ஆகவே முதல் நாளைச் சாணைக்கல்லுக்கே கொடுத்துவிடுங்கள்.

உளியின் சரிவு, அதாவது விளிம்பை நோக்கித் தேய்த்த சாய்முகம், 20 முதல் 25 டிகிரிக்குள் இருக்கட்டும். 1000 எண் கல்லை நனைத்து, சரிவு கல்லில் முழுதாகப் படியும்படி வைத்து, உளியைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே மணிக்கட்டால் உருட்டுங்கள். ஒரு மூலையில் தொடங்கிய உருட்டல் மறுமூலையில் முடிய வேண்டும். நடுவை மட்டும் தேய்த்தால் விளிம்பு பள்ளமாகும். மூலைகளை அதிகமாகத் தேய்த்தால் அவை உருண்டுபோகும். உட்புறத்தில் விரலுக்குத் தட்டுப்படும் மெல்லிய பிசிறு எழுந்தால் அந்தக் கல்லின் வேலை முடிந்தது. விரலை விளிம்பின் குறுக்கே தடவிப் பாருங்கள், விளிம்போடு சேர்த்து ஓட்டாதீர்கள். அடுத்து 4000 அல்லது 6000 எண் கல்லில் அதே உருட்டல். உட்புறப் பிசிறை எடுக்க, வளைவான ஓரமுள்ள சிறு கல் ஒன்று வேண்டும். கடைசியாக, மெருகுப் பசை பூசிய தோல் பட்டையில் உளியைப் பின்னோக்கி மட்டும் இழுங்கள். முன்னோக்கித் தள்ளினால் தோல் வெட்டுப்படும்.

கூரை எப்படிச் சோதிப்பது? மென்மையான கழிவுத் துண்டு ஒன்றில் நாருக்குக் குறுக்காக ஒரு பள்ளம் எடுங்கள். பள்ளம் கண்ணாடிபோலப் பளிச்சிட்டால் சரி. பள்ளத்தின் நீளத்துக்கு மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று தெரிந்தால், விளிம்பில் அந்த இடத்தில் சிறு பொக்கை இருக்கிறது. பள்ளம் முழுவதும் பஞ்சுபோல் பறந்தால் திரும்பவும் கல்லுக்குப் போங்கள். செதுக்கத் தொடங்கிய பிறகு கால்மணி நேரத்துக்கு ஒருமுறை தோல் பட்டையில் பத்துப் பன்னிரண்டு இழுப்பு இழுத்துவிடுங்கள். அப்படிச் செய்தால் கல்லுக்குத் திரும்ப வேண்டிய தேவை வெகுநேரம் வராது.

மூட்டு முதலில், செதுக்கு பிறகு

பெட்டியை ஒட்டி முடித்துவிட்டுச் செதுக்கலாமே என்று தோன்றும். அதில் இரண்டு தொல்லைகள் உண்டு. பெட்டியைப் பிடித்து நிறுத்துவது கடினம். கொட்டாப்புளியின் அடி நேராக மூலை மூட்டில் இறங்கும். முழுவதையும் முன்பே செதுக்கிவிடுவதிலும் சிக்கல் உண்டு. வரப்புகள் நிறைந்த பரப்பில் மாஸ்கிங் டேப் பிடிக்காது, கிளாம்ப் வரப்புகளை நசுக்கும், குழிகளும் மூலையில் ஒன்றுக்கொன்று சேராமல் முறிந்து நிற்கும். நான் விரும்பும் வழி நடுவழி: பரப்பு தட்டையாக இருக்கும்போதே மூட்டுகளை அறுத்துவிடுவது, பிறகு மூலையையொட்டி 15 மி.மீ. விட்டுவிட்டு நடுவைச் செதுக்குவது, பிறகு ஒட்டுவது, மூலைகளை மட்டும் கடைசியில் முடிப்பது.

ஒவ்வொரு பக்கத்தின் இரு முனைகளையும் 45 டிகிரி சாய்வாக அறுங்கள். எதிரெதிர்ப் பலகைகள் இரண்டும் மயிரிழை பிசகாமல் ஒரே நீளமாக இருக்க வேண்டும். கோணம் துளி தவறினாலும் கண்டுகொள்ளாமல் விடலாம், நீளம் தவறினால் பெட்டி ஒருபோதும் சதுரமாக நிற்காது. இரண்டையும் முதுகோடு முதுகாக வைத்து விரலால் தடவினால் வித்தியாசம் தெரிந்துவிடும். பிறகு உட்புறத்தில், அடி விளிம்பிலிருந்து 5 மி.மீ. மேலே, 6 மி.மீ. அகலமும் 4 மி.மீ. ஆழமுமாகக் காடி எடுங்கள். அடிக்கு 6 மி.மீ. பிளைவுட் போதும். மேற்சொன்ன அளவுப் பெட்டிக்கு அது 179 × 99 மி.மீ. இருக்கும், நீளத்திலும் அகலத்திலும் ஒரு மி.மீ. தளர்வு விட்ட கணக்கு இது. பிளைவுட் விரிந்து சுருங்குவது மிகக் குறைவு என்பதால் காடியில் பசை வைத்தே ஒட்டலாம்.

உட்புறத்தை இப்போதே இழைத்து, உப்புத்தாள் போட்டு, மெருகேற்றிவிடுங்கள். உப்புத்தாளுக்கு இந்தப் பெட்டியில் இடமுண்டு, அது உட்புறத்திலும் மூடியிலும் மட்டும்தான். சாய்வு முனைகளிலும் காடியிலும் மெருகு படாமல் டேப் ஒட்டிக் காப்பாற்றுங்கள். மெருகு பட்ட இடத்தில் பசை பிடிக்காது.

செதுக்குவது

பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருபோதும் செதுக்காதீர்கள். ஒரு பெரிய பிளைவுட் துண்டின் மேல், பலகை இறுக்கமாக உட்காரும்படி நான்கு மெல்லிய சட்டங்களை அடித்து, அந்தப் பிளைவுட்டை மேசையோடு கிளாம்ப் போட்டுவிடுங்கள். சட்டங்கள் பலகையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், ஆணித் தலை எதுவும் உளியின் பாதையில் நிற்கக்கூடாது. இரண்டு கைகளும் எப்போதும் விளிம்புக்குப் பின்னால்: ஒரு கை பிடியில், மறுகை உளித்தண்டில், அந்தக் கையின் அடிப்பகுதி பலகையில் ஊன்றியபடி. தள்ளுவது ஒரு கை, தடுப்பது மறுகை. இந்தத் தடுப்பால்தான் உளி வழுக்கி ஓடாது, குழியின் நீளமும் ஒரே அளவில் வரும்.

அறை விளக்கை அணைத்துவிட்டு, மேசை விளக்கு ஒன்றைப் பலகையின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் வையுங்கள். தலைக்கு மேலிருந்து வரும் வெளிச்சத்தில் குழியின் ஆழம் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் அரை மி.மீ. வேறுபாடும் நிழலாகத் தெரியும்.

மேல் விளிம்பில் 5 மி.மீ. அகலத்துக்குச் செதுக்காத பட்டை ஒன்றை விட்டுக் கோடு போடுங்கள். மூடி வந்து உட்காரும் இடத்தில் ஒரு நேர்கோடு இருந்தால் கீழே உள்ள கரடுமுரடு இன்னும் எடுப்பாகத் தெரியும். மூலைப் பக்கம் 15 மி.மீ. கோடுகளையும் போட்டுவிட்டு, மீதிப் பரப்பு முழுவதையும் பென்சிலால் லேசாகக் கிறுக்கி நிரப்புங்கள். செதுக்கி முடிக்கும்போது கிறுக்கல் எங்காவது மிஞ்சியிருந்தால், அங்கே உளி இன்னும் படவில்லை என்று பொருள்.

பக்கப் பலகையில் நார் கிடைமட்டமாக ஓடுகிறது. நீங்கள் செதுக்க வேண்டியது அதற்குக் குறுக்காக, மேலிருந்து கீழாக. நார் ஓட்டத்தோடு செதுக்கினால் குழியின் முதற்பாதி சுகமாக இறங்கும். மறுபாதி மேலேறும்போது நாரை எதிர்த்துப் போவதால் பிய்க்கும். குறுக்காகச் செதுக்கும்போது இரு பாதிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். இதைப் படித்து நம்புவதைவிட, அறுத்ததில் மிஞ்சிய துண்டில் இரண்டு விதமாகவும் செதுக்கிப் பாருங்கள், கையே சொல்லிவிடும். அந்தத் துண்டு முழுவதும் குழிகளால் நிறையும்வரை நல்ல பலகையைத் தொட வேண்டாம்.

ஒரு குழியின் அசைவு இதுதான். 14 மி.மீ. உளியை ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் மரத்தில் ஊன்றி உள்ளே செலுத்துங்கள். விளிம்பு மரத்துக்குள் போனதும் பிடியைத் தாழ்த்திக்கொண்டே முன்னே தள்ளுங்கள். கரண்டியால் அள்ளுவது போன்ற ஒரே வளைவாக உளி வெளியே வர வேண்டும். இறங்குவதும் ஏறுவதும் ஒரே மூச்சில் நடக்கட்டும். இடையில் நிறுத்தினால் குழியின் அடியில் ஒரு கோடு நிற்கும். சீவல் ஒரே துண்டாகக் கழன்று விழ வேண்டும். அது விழாமல் தொங்கினால் கையால் பிய்க்காதீர்கள். மறுமுறை அதே பாதையில் உளியை ஓட்டி அறுத்தெடுங்கள்.

உளி வாயின் இரு மூலைகளும் எப்போதும் மரத்துக்கு மேலே, கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அவை மரத்துக்குள் மூழ்கினால் பக்கவாட்டு நார் அறுபடாமல் கிழியும். புதிதாகச் செதுக்குபவர்களின் பரப்பு கந்தலாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பலமாகத் தள்ளுவதால் வருவது இது. 14 மி.மீ. உளியில் குழியின் அகலம் 10, 11 மி.மீ. அளவிலும் ஆழம் 2 மி.மீ. அளவிலும் நின்றால் மூலைகள் தாமாகவே மேலே இருக்கும்.

அடுத்த குழி, முந்தையதன் கால்பங்கைத் தின்றபடி தொடங்கட்டும். இடையில் தட்டையான திட்டு எதுவும் மிஞ்சக்கூடாது. இரு குழிகள் சந்திக்கும் இடத்தில் கூரான வரப்பு மட்டும் நிற்க வேண்டும். முதல் வரிசையை மேல் பட்டையின் கோட்டிலிருந்து தொடங்குங்கள். இரண்டாவது வரிசையின் குழிகள், மேலே உள்ள இரு குழிகளுக்கு நடுவில் வரட்டும். அளவுகோல் வைத்துக் குறிக்க வேண்டாம். வரிசைக்கு ஒரு மெல்லிய கோடு இருந்தால் போதும், இடைவெளியைக் கண் பார்த்துக்கொள்ளும். இம்மியும் பிசகாத குழிகள் அச்சு வார்த்தவைபோல் உயிரற்று நிற்கும். அதற்காக வேண்டுமென்றே கோணலாகச் செதுக்கினாலும் அது தெரிந்துவிடும். சீராகச் செதுக்க முயலுங்கள். கை தானாகவே தரும் வேறுபாடு போதுமானது.

கடைசி வரிசை அடி விளிம்பைத் தொடும். அங்கே மேலிருந்து கீழாக ஓட்டினால் விளிம்பு நார் சிலும்பாக உடைந்து வெளியே வரும். அந்த ஒரு வரிசையை மட்டும் பலகையைத் திருப்பிவைத்து, விளிம்பிலிருந்து உள்நோக்கிச் செதுக்குங்கள்.

ஒரு பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கத்தை அன்றே தொடங்குவது நல்லது. நான்கையும் அடுத்தடுத்துச் செய்தால்தான் அழுத்தமும் அளவும் ஒத்துவரும்.

குழிகளில் கை பழகிய பிறகு, அடுத்த பெட்டிக்கு வேறு வடிவங்கள் இருக்கின்றன. 8 மி.மீ. உளியால் மேலிருந்து கீழ்வரை ஒரே வீச்சாக ஓட்டும் வரிப்பள்ளங்கள் எடுப்பாக இருக்கும். செதில் வடிவத்துக்கு உளியை முதலில் செங்குத்தாக ஊன்றி வளைவான வெட்டு ஒன்று பதிக்க வேண்டும், பிறகு அந்த வெட்டை நோக்கிச் சரிவாகச் செதுக்க வேண்டும். பார்க்க எளிதாகத் தோன்றினாலும் செதில் பொறுமையைக் கேட்கும். முதல் பெட்டிக்குக் குழியே சரி.

ஒட்டுதலும் மூலைகளும்

நான்கு பக்கங்களையும் செதுக்கிய முகம் மேலே பார்க்க, முனையோடு முனை தொட வரிசையாகப் படுக்கவையுங்கள். 25 மி.மீ. அகல டேப்பை ஒவ்வொரு மூட்டின் மேலும் இழுத்து ஒட்டுங்கள். மூலையில் இருபுறமும் நாம் விட்டுவைத்த 15 மி.மீ. தட்டைப் பரப்பில் அது நன்றாகப் பிடிக்கும். எல்லாவற்றையும் ஒரே பட்டையாகத் திருப்பிப்போடுங்கள். சாய்வு முனைகள் நாரின் குறுக்குவெட்டு என்பதால் பசையை உறிஞ்சிவிடும். முதலில் மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து, சில நிமிடம் விட்டு, மறுபடி பூசுங்கள். அடிப்பலகையைக் காடியில் வைத்துப் பக்கங்களைச் சுருட்டினால் பெட்டி மூடிக்கொள்ளும். கடைசி மூலைக்கும் டேப் இழுத்துவிடுங்கள். இரு மூலைவிட்டங்களையும் உடனே அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் நீளமான மூலைவிட்டத்தின் வழியே மெல்ல அழுத்தித் திருத்துங்கள். பசை உலர ஓர் இரவு கொடுங்கள்.

சாய்வு மூட்டு தானாக அவ்வளவு உறுதியானது அல்ல. ஒவ்வொரு மூலையிலும் இரண்டு இடங்களில் ரம்பத்தால் குறுக்கே வெட்டி, அந்த வெட்டுப்பிளவில் மெல்லிய மரச் செருகுகளைப் பசையோடு நுழைத்து, உலர்ந்ததும் மட்டமாக அறுத்துவிடுங்கள். அடர்நிற மரத்தில் செருகு வைத்தால் அதுவே ஓர் அலங்காரம்.

இனி மூலைகள். பெட்டிக்குள் இறுக்கமாகப் பொருந்தும் மரக்கட்டை ஒன்றை வைத்து, பக்கம் அதிராமல் தாங்கும்படி செய்யுங்கள். கொட்டாப்புளி இங்கே வேண்டாம், கையழுத்தம் மட்டும். மூலைக்கோட்டுக்கு இணையாகவே, 8 மி.மீ. உளியால், விட்டுவைத்த பட்டையைக் குழிகளால் நிரப்புங்கள். எங்காவது குறுக்காக ஓட்ட நேர்ந்தால் மூலையிலிருந்து உள்நோக்கி ஓட்டுங்கள்; மூலையை நோக்கி ஓட்டினால் அது உதிரும். இருபுறமும் குழிகள் வந்து சேர்ந்ததும், நேராக இருந்த மூலைக்கோடு மெல்ல அலைந்து இறங்கும். இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

மூடி

மூடியைச் செதுக்க வேண்டாம். 204 × 124 மி.மீ. அளவில் 10 மி.மீ. தடிமனான பலகையை மழமழவென்று இழைத்து எடுங்கள். கரடான பக்கங்களுக்கு மேல் வழவழப்பான மூடி இருக்கும்போதுதான் இரண்டின் குணமும் தெரியும். அடியில், 170 × 90 மி.மீ. அளவுள்ள மெல்லிய பலகை ஒன்றை, நார் ஒரே திசையில் ஓடும்படி ஒட்டினால் மூடி நகராமல் உட்காரும். மரம் நாரின் நீளத்தில் அநேகமாக மாறாது. அகலத்தில் மழைக்காலத்துக்கும் கோடைக்கும் இடையே இந்த அளவுப் பலகை ஒரு மி.மீ. அளவுக்கு விரிந்து சுருங்கலாம். அதனால்தான் சுற்றிலும் ஒரு மி.மீ. இடைவெளியும், வெளியே 2 மி.மீ. நீட்டலும் விடுகிறோம்.

மெருகு

செதுக்கிய பரப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து, குழிகளில் தங்கிய தூளை எடுங்கள். தடித்த வார்னிஷ் பூசாதீர்கள். அது குழிகளில் தேங்கி வரப்புகளை மூடிவிடும். வெளிப்புறத்துக்கு, உலர்த்தும் பொருள் சேர்த்த ஆளிவிதை எண்ணெய் பொருத்தமானது. பச்சை ஆளிவிதை எண்ணெய் உலர வாரக்கணக்கில் ஆகும். பழைய பல்துலக்கியால் மெல்லியதாகத் தேய்த்து, பத்து நிமிடம் கழித்துத் துணியால் ஒற்றியெடுங்கள். குழியில் ஈரம் தேங்கினால் அது பிசுபிசுப்பாகவே காயும். ஒரு நாள் இடைவெளியில் இரண்டு மூன்று பூச்சு போதும். கடைசியாகத் தேன்மெழுகைத் தூரிகையால் தேய்த்துவிட்டால் வரப்புகள் மின்னும்.

உட்புறத்தில் எண்ணெய் வேண்டாம். மூடிய பெட்டிக்குள் அதன் வாடை மாதக்கணக்கில் நிற்கும். முன்பே செய்யச் சொன்ன உட்புற மெருகுக்கு, எரிசாராயத்தில் (ஸ்பிரிட்) கரைத்த அரக்கு மெருகுதான் ஏற்றது.

எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது வெப்பம் எழும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றலாம். துணியை விரித்து வெளியில் காயவைத்து, விறைப்பாக உலர்ந்த பிறகு எறியுங்கள், அல்லது தண்ணீரில் மூழ்கவைத்து மூடிவையுங்கள்.

பெட்டியில் தூசி படிந்தால் ஈரத்துணி வேண்டாம், அது வரப்புகளில் சிக்கி இழை விடும். மென்மையான தூரிகையே போதும். குழிகள் மங்கத் தொடங்கும்போது மறுபடி ஒருமுறை மெழுகு தேயுங்கள்.